பூனை பேச வேண்டாம், பிள்ளைகளின் தமிழ் பேசட்டும்

கறுப்பு வால்கோட்டு, வெள்ளைச் சட்டை, நிமிர்ந்த நடை. மேடைக்கு வரும் பூனை பியானோவின் முன் அமர்கிறது. சபையை ஒரு தரம் பார்த்துவிட்டு, லிஸ்ட்டின் இரண்டாம் ஹங்கேரிய ராப்சோடியை வாசிக்கத் தொடங்குகிறது. பியானோவின் உள்ளே, தந்திகளைத் தட்டும் சுத்தியல்களின் மேல், ஓர் எலி தூங்கிக்கொண்டிருக்கிறது. தூக்கம் கலைந்த எலிக்கும், கச்சேரியை நிறுத்த முடியாத பூனைக்கும் நடக்கும் சண்டைதான் மீதி முழுவதும். எலி மூடியை இழுத்துப் பூனையின் விரல்கள் மேல் அறைகிறது. வெள்ளைக் கட்டைகள் இருந்த இடத்தில் எலிப்பொறியை வைக்கிறது. பூனையோ அடிபட்ட விரலோடும், ஒரு கட்டத்தில் காலாலும் வாசித்துக்கொண்டே போகிறது. கடைசியில் பூனை களைத்துச் சரிய, குட்டிக் கோட்டுடன் எலி எழுந்து நின்று கைதட்டலை வாங்கிக்கொள்கிறது.

1947இல் வெளியான 'தி கேட் கொன்செர்ட்டோ' என்ற இந்தப் படம் ஏழரை நிமிடம் ஓடும். இதற்கு ஓஸ்கார் விருது கிடைத்தது. டொம் அன்ட் ஜெரி வரிசை பெற்ற ஏழு ஓஸ்கார்களில் இது நான்காவது. படத்தில் யாரும் பேசுவதில்லை.

அந்தப் பேசாமையின் பெறுமதி கட்டுகஸ்தோட்டை போன்ற ஊரில் வாழ்பவர்களுக்கு நன்றாகவே விளங்கும். கண்டியிலிருந்து வடக்கே மகாவலிப் பாலத்தைத் தாண்டினால் யாழ்ப்பாணம் போகும் ஏ-9 வீதியும், குருநாகல் வழியாகப் புத்தளம் போகும் ஏ-10 வீதியும் பிரிகிற சந்தி இது. ஏ-9 வழியே சற்றுத் தூரம் போனால் அக்குறணை, அதற்கப்பால் மாத்தளை. 2012 குடிசன மதிப்பீட்டின்படி கண்டி மாவட்டத்தில் ஏறத்தாழ 13 இலட்சத்து 75 ஆயிரம் பேர் இருந்தார்கள். நான்கில் மூன்று பங்கினர் சிங்களவர், ஏழில் ஒரு பங்கினர் முஸ்லிம்கள், நூற்றுக்குப் பத்துப் பேருக்குச் சற்று அதிகமாகத் தமிழர். முஸ்லிம் வீடுகளிலும் பெரும்பாலும் தமிழ்தான் பேச்சுமொழி. ஒரே கடைக்கு முன்னால் நிற்கும் மூன்று பிள்ளைகள் மூன்று விதமாகப் பேசுவது இங்கே அன்றாடக் காட்சி. கடைத் தொலைக்காட்சியில் டொம் ஓடத் தொடங்கினால் மூவரும் ஒரே கணத்தில் சிரிப்பார்கள். ஒருவர் இன்னொருவருக்கு விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. இந்த நாட்டில் அப்படி ஒன்றாகச் சிரிக்கக் கிடைக்கும் நேரங்கள் குறைவு.

இந்தப் பூனை முதலில் திரைக்கு வந்தது 1940 பெப்ரவரி 10ஆம் திகதி, 'புஸ் கெட்ஸ் த பூட்' என்ற படத்தில். அதில் அதன் பெயர் ஜாஸ்பர். எம்.ஜி.எம். நிறுவனத்தில் வேலை செய்த வில்லியம் ஹன்னாவும் ஜோசப் பார்பராவும் அதை உருவாக்கினார்கள். நிர்வாகம் இன்னொரு பூனை எலிக் கதைக்கு ஆர்வம் காட்டவில்லை. டெக்ஸாஸிலிருந்து ஒரு திரையரங்கத் தரப்பு இதுபோல் மேலும் வருமா என்று கடிதம் எழுதிக் கேட்ட பிறகுதான் வரிசை தொடர்ந்தது. ஸ்டூடியோவுக்குள் பெயர்ப் போட்டி வைத்தார்கள். டொம், ஜெரி என்ற பெயர்களைச் சொன்ன ஜோன் கார் என்ற ஓவியருக்கு 50 டொலர் பரிசு கிடைத்தது. ஹன்னாவும் பார்பராவும் எடுத்த 114 படங்கள் 1958 வரை வெளிவந்தன. பிறகு ஜீன் டைட்ச் பிராக் நகரில் 13 படங்களும், சக் ஜோன்ஸ் குழுவினர் 34 படங்களும் செய்தார்கள். அவற்றிலும் நல்லவை உண்டு. ஆனாலும் மனதில் பதிந்த டொம் அந்த முதல் 114இல் இருப்பவன்தான்.

அவன் ஏன் அவ்வளவு பதிந்தான்? வெறும் அடிதடி என்று ஒதுக்குபவர்கள் ஒருமுறை திரையைப் பார்க்காமல் ஒலியை மட்டும் கேட்க வேண்டும். ஸ்கொட் பிரட்லி என்ற இசையமைப்பாளர்தான் ஏறத்தாழ எல்லாப் படங்களுக்கும் இசை எழுதினார். ஒரு விநாடிக்கு 24 சட்டகம் என்ற கணக்கில், டொம் எத்தனையாவது சட்டகத்தில் வழுக்குகிறான், எத்தனையாவதில் சுவரில் மோதுகிறான் என்று பார்த்து அதற்கேற்ப சுரம் அமைத்தார். 1944இல் வந்த 'புட்டின் ஒன் த டோக்' படத்தில் ஒரு துரத்தலுக்கு அவர் ஷோன்பெர்க்கின் பன்னிரு சுர முறையையே பயன்படுத்தினார். கச்சேரி மண்டபங்களில் பெரியவர்கள் கேட்கவே தயங்கிய இசையைச் சிறுவர்கள் சிரித்துக்கொண்டே கேட்டார்கள். டொம் அடிபடும்போது கேட்கும் அந்த அலறல் ஹன்னாவின் சொந்தத் தொண்டையிலிருந்து வந்தது. வசனம் இல்லாத இடத்தை நிரப்ப அவ்வளவு உழைப்பு தேவைப்பட்டது.

இன்னொன்றும் உண்டு. டொம் தோற்கிறான், ஆனால் முயற்சியை விடுவதில்லை. 'மவுஸ் ட்ரபிள்' படத்தில் எலி பிடிப்பது எப்படி என்று ஒரு புத்தகத்தையே வரவழைத்து, அத்தியாயம் அத்தியாயமாகப் படித்து, ஒவ்வொன்றையும் செய்து பார்த்து, ஒவ்வொன்றிலும் அடி வாங்குகிறான். பிள்ளைகள் ஜெரியின் வெற்றிக்குச் சிரிக்கிறார்கள் என்று நாம் நினைக்கிறோம். கவனித்துப் பார்த்தால் கமெரா பெரும்பாலும் டொமின் முகத்தில்தான் இருக்கிறது: நம்பிக்கை, சந்தேகம், பயம், திரும்பவும் நம்பிக்கை. ஓவியர்கள் தங்கள் திறமையையெல்லாம் அந்த முகத்துக்குத்தான் கொடுத்தார்கள்.

இந்தப் பூனைக்கு வாய் கொடுக்கும் ஆசை பலருக்கு வந்திருக்கிறது. 1992இல் எடுக்கப்பட்ட முழுநீளப் படத்தில் டொமும் ஜெரியும் வாய் திறந்து பேசினார்கள், பாடினார்கள், நண்பர்களாகவும் ஆனார்கள். படம் தோற்றது. 2021இல் மீண்டும் பெரிய திரைக்கு வந்தபோது படமெடுத்தவர்கள் அந்தப் பாடத்தை மறக்கவில்லை. சுற்றியிருந்த மனிதர்கள் பேசினார்கள், பூனையும் எலியும் பேசவில்லை. இப்போது கைபேசிகளில் பரவும் துணுக்குகள் பழைய படங்களின் மேல் தமிழிலும் சிங்களத்திலும் வசனம் ஒட்டுகின்றன. சில வேளை அது சிரிப்பூட்டும். ஆனால் பிரட்லியின் இசை அந்தப் பேச்சின் அடியில் புதைந்துபோகிறது. அதைவிட, மூன்று பிள்ளைகள் சேர்ந்து சிரித்த இடத்தில் ஒருவனுக்கு மட்டும் விளங்கும் பகிடி வந்து உட்கார்ந்துகொள்கிறது. டொமை அவன்பாட்டுக்கு விடுவது நல்லது.

பேச்சில்லாத சிரிப்பு கண்டிப் பகுதிக்கு அமெரிக்கா கற்றுக்கொடுத்ததல்ல. மலைநாட்டுச் சிங்களக் கிராமங்களில் பத்தினித் தெய்வத்தின் பெயரால் களத்துமேட்டில் ஆடப்படும் சொக்கரி பெரும்பகுதி அபிநயத்தாலேயே நடக்கும் கூத்து. இந்தியாவிலிருந்து வரும் ஆண்டிகுரு, அவர் மனைவி சொக்கரி, எதைச் செய்தாலும் கோணலாகச் செய்யும் வேலைக்காரன், சிகிச்சைக்கு வரும் வைத்தியர். வீடு கட்டுவதையும் சோறு சமைப்பதையும் கையில் ஒன்றுமில்லாமல் செய்து காட்டிச் சபையைச் சிரிக்க வைப்பார்கள். நம் தமிழ்க் கூத்துகளிலும் கட்டியக்காரனும் கோமாளியும் அந்த வேலையைத்தான் செய்தார்கள். விழுவதையும் எழுவதையும் கலையாகப் பார்க்கும் பழக்கம் மலையின் இரு பக்கத்தாருக்கும் உண்டு.

டொம் அன்ட் ஜெரியை மெச்சும்போது அதன் கறையையும் சொல்லியாக வேண்டும். ஆரம்பப் படங்களில் முகம் காட்டாமல் கால்களும் விளக்குமாறும் மட்டுமாக வரும் கறுப்பின வீட்டு வேலைக்காரப் பெண் ஒருத்தி இருந்தாள். லிலியன் ரண்டொல்ப் என்ற நடிகை குரல் கொடுத்தார். கறுப்பின மக்களின் உரிமை அமைப்பு இந்தச் சித்தரிப்பைக் கண்டித்தது. 1952க்குப் பிறகு அந்தப் பாத்திரம் வரவில்லை. பின்னாளில் தொலைக்காட்சிக்காக அந்தக் காட்சிகளை மாற்றி வரைந்தார்கள், குரலை மாற்றினார்கள். குண்டு வெடித்து முகம் கரியாகும் பகிடிகளிலும் இதே இழிவு ஒளிந்திருக்கிறது. மலையகத் தமிழர்களுக்கு இது அந்நிய விஷயமல்ல. வேலைக்காரராகவும், கோணல் உச்சரிப்போடு பேசுபவராகவும் மட்டுமே தங்களைத் திரையில் பார்த்துப் பழகிய மக்கள் அவர்கள். ஒருவருடைய பேச்சு யார் வாயில், எந்த நோக்கத்தில் வருகிறது என்பது முக்கியம்.

அதனால்தான் பேசாத பூனையை விட்டுப் பேசும் கார்ட்டூன்களின் பக்கம் திரும்ப வேண்டியிருக்கிறது.

கார்ட்டூன்கள் அதிகமாகப் பேசத் தொடங்கியதற்குக் காரணம் காசு. 1957இல் எம்.ஜி.எம். தன் கார்ட்டூன் பிரிவை மூடியது. வேலையிழந்த ஹன்னாவும் பார்பராவும் தொலைக்காட்சிக்குப் போனார்கள். அங்கே கிடைத்த பணம் திரையரங்குப் படத்துக்குச் செலவழித்ததில் பத்தில் ஒரு பங்கும் இல்லை. ஓட்டத்தையும் பாய்ச்சலையும் ஆயிரக்கணக்கான சித்திரங்களாக வரைய வழியில்லாதபோது, உடம்பை நிறுத்திவைத்து வாயை மட்டும் அசைத்தார்கள். கதையைச் சுமக்கும் வேலை உடம்பிலிருந்து குரலுக்கு மாறியது. அன்றிலிருந்து, எந்த மொழியில் கார்ட்டூன் பார்க்கிறோம் என்பது பிள்ளைகளுக்குப் பெரிய விஷயமாகிவிட்டது.

இலங்கையில் இதை நன்கு புரிந்துகொண்டவர் டைட்டஸ் தொட்டவத்த. லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸின் 1956ஆம் ஆண்டுப் படமான 'ரேகாவ'வின் படத்தொகுப்பாளர் அவர். ஜப்பானிய உதவியோடு 1982 பெப்ரவரி 15ஆம் திகதி அரச தொலைக்காட்சியான ரூபவாஹினி ஆரம்பமான பிறகு, வெளிநாட்டு நிகழ்ச்சிகளைச் சிங்களத்துக்குக் கொண்டுவரும் பிரிவை அவர் கட்டியெழுப்பினார். பக்ஸ் பனி 'ஹா ஹா ஹரி ஹாவா' ஆனது. டொக்டர் டூலிட்டில் 'தொஸ்தர ஹொந்தஹித' ஆனார். பேசும் பூனையொன்று 'பிஸ்ஸு பூஸா' என்ற பெயரில் வீடுவீடாக வந்தது. தொட்டவத்த சொல்லுக்குச் சொல் மொழிபெயர்க்கவில்லை. கிராமத்துப் பேச்சையும் பாட்டையும் தாளத்தையும் சேர்த்து, அந்த முயலும் பூனையும் சிங்களக் கிராமத்தில் பிறந்தவை என்று ஒரு தலைமுறையை நம்ப வைத்தார். 2011இல் அவர் மறைந்தார். இன்றும் நாற்பது, ஐம்பது வயதுச் சிங்களவர்கள் அந்தக் குரல்களைப் போல் பேசிக் காட்டுவார்கள். கண்டியிலும் கட்டுகஸ்தோட்டையிலும் வளர்ந்த தமிழ், முஸ்லிம் பிள்ளைகளுக்கும் அவை அந்நியமல்ல. தெருவில் கேட்ட சிங்களத்தை வீட்டுத் திரையில் சிரித்துக்கொண்டே மேலும் கற்றுக்கொண்டவர்கள் அவர்களில் பலர்.

தமிழில் அதற்கு நிகரான ஒன்று நடக்கவில்லை. ரூபவாஹினி தொடக்கம் முதலே மும்மொழி நிலையம்தான். ஆனால் தமிழுக்குக் கிடைத்த நேரம் சிறிது, அதில் சிறுவர்களுக்குக் கிடைத்தது அதனினும் சிறிது. 1998இல் சக்தி தொலைக்காட்சி வந்தது, 2009இல் வசந்தம் வந்தது. நாள் முழுவதும் தமிழ் கேட்க முடிந்தது பெரிய மாற்றம். என்றாலும் பேசும் கார்ட்டூனைத் தமிழில் தேடிய பிள்ளைக்குக் கிடைத்தது பெரும்பாலும் சென்னையில் பதிவான குரல். 2007இல் சன் குழுமம் தொடங்கிய சிறுவர் அலைவரிசையான சுட்டி டிவி இங்கே டிஷ் வழியாக வந்து சேர்ந்தது. அதில் வந்த டோராவும் புஜ்ஜியும் மலையகப் பிள்ளைகளுக்கும் தோழர்களானார்கள்.

சென்னைக் கலைஞர்களின் வேலையைக் குறைசொல்ல இதில் ஒன்றுமில்லை. அவர்கள் தங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்காக நன்றாகச் செய்தார்கள். ஆனால் கட்டுகஸ்தோட்டையில் ஐந்து வயதுப் பிள்ளை ஒன்று, கதையில் வரும் வீரன், புத்திசாலி, இளவரசி எல்லாரும் ஒரு விதமாகவும் தன் அம்மாவும் தாத்தாவும் வேறு விதமாகவும் பேசுவதைத் தினமும் கேட்கிறது. வீட்டில் பேசும் தமிழ் கதைக்கு ஏற்றதல்ல என்று யாரும் சொல்லாமலே அது முடிவுசெய்துவிடுகிறது. லயத்திலும் தோட்டத்திலும் புழங்கும் தமிழுக்கு ஏற்கனவே மதிப்புக் குறைவு என்ற எண்ணம் பள்ளிக்கூடத்திலேயே ஊட்டப்பட்ட சமூகத்தில், இந்த முடிவு ஆழமாகப் பாயும்.

குரல்களுக்கு இங்கே பஞ்சம் இருந்ததே இல்லை. 1970களில் இலங்கை வானொலியில் 'கோமாளிகளின் கும்மாளம்' ஒலித்தபோது நாடே சிரித்தது. எஸ். ராம்தாஸ் மரிக்காராக முஸ்லிம் தமிழ் பேசினார். ரி. ராஜகோபால் அப்புக்குட்டியாக யாழ்ப்பாணத் தமிழ் பேசினார். எஸ். செல்வசேகரன் உபாலியாகச் சிங்களவர் பேசும் தமிழைப் பேசினார். பி.எச். அப்துல் ஹமீத் ஐயர் ஆனார். 1976இல் அது 'கோமாளிகள்' என்ற திரைப்படமாகவும் வந்தது. ஒரு முஸ்லிம் ஐயராகவும், ஒரு தமிழர் மரிக்காராகவும், இன்னொரு தமிழர் சிங்களவராகவும் பேசி, யாரையும் சிறுமைப்படுத்தாமல் சிரிக்க வைத்த நிகழ்ச்சி அது. படமே இல்லாமல், ஒலிவாங்கி முன் நின்று, குரலாலேயே மனிதர்களை வரைந்தார்கள். கார்ட்டூனுக்குக் குரல் கொடுக்க இதைவிடச் சிறந்த பயிற்சி எங்கே இருக்கிறது? அந்தத் திறமைசாலிகள் நம்மிடையே உச்சத்தில் இருந்த அதே காலத்தில்தான் தொலைக்காட்சியும் வந்தது. அவர்களை அழைத்து ஒரு முயலுக்கோ பூனைக்கோ தமிழ்க் குரல் கொடுக்கச் சொல்லி ஒரு நிரந்தரப் பிரிவு அமைத்திருந்தால், இன்றைக்கு நாற்பது வருட அனுபவம் சேர்ந்திருக்கும். அந்த நான்கு பேச்சுகளிலும் தோட்டத்துத் தமிழ் இருக்கவில்லை என்பதையும் சேர்த்தே நினைவில் வைக்க வேண்டும். இனிச் செய்வதில் அந்தக் குறையும் தீர வேண்டும்.

தமிழ்ச் சந்தை சிறியது, செலவு கட்டாது என்ற பதில் வரும். விளம்பரத்தை நம்பிப் பிழைக்கும் தனியார் நிலையத்துக்கு அது உண்மையாகவே நெருக்கடி. பொதுமக்கள் பணத்தில் நடக்கும் ரூபவாஹினிக்கு அது பதிலாகாது. தொட்டவத்தவுக்கு வேலைத்தளம் கொடுத்தபோது சிங்களச் சந்தையும் உலக அளவில் சிறியதுதான். ஒரு பிரிவும், சில ஆட்களும், ஒரு நிர்வாகத்தின் பொறுமையும் இருந்தன, வேலை நடந்தது. இன்று ஒலிப்பதிவுக் கருவிகளின் விலை அன்றிருந்ததோடு ஒப்பிடவே முடியாத அளவு இறங்கிவிட்டது. படங்களின் உரிமை விலை பயமுறுத்தினால், மக்ஸ் பிளைஷரின் 1939ஆம் ஆண்டு 'கலிவரின் பயணங்கள்' போல அமெரிக்காவில் பொதுச் சொத்தாகிவிட்ட பழைய படங்களின் நிலையை இலங்கைச் சட்டத்தின் கீழ் சரிபார்த்து அவற்றிலிருந்து தொடங்கலாம்.

ஆட்களைத் தேடி அலைய வேண்டியதுமில்லை. அகில இலங்கைத் தமிழ்த் தினப் போட்டிகளில் ஆண்டுதோறும் மலையகத்திலிருந்தும் வடக்கு கிழக்கிலிருந்தும் மாணவர்கள் நாடகத்துக்கும் பேச்சுக்கும் பரிசு வாங்குகிறார்கள். பரிசும் சான்றிதழும் வீட்டுச் சுவரில் தொங்குவதோடு அந்தக் குரல்களின் கதை முடிந்துவிடுகிறது. கண்டிக்குத் தென்மேற்கே சில மைல் தூரத்தில் பேராதனைப் பல்கலைக்கழகம். பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் மட்டக்களப்புக் கூத்தை எடுத்து 'இராவணேசன்' போன்ற நாடகங்களாகச் செம்மைப்படுத்தி மேடையேற்றிய வளாகம் அது. பேச்சுத் தமிழைக் கலையாக்குவது எப்படி என்று அந்த வளாகத்துக்கு யாரும் புதிதாகச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

ரூபவாஹினி தன் தமிழ் அலைவரிசையான நேத்ராவுக்காகத் தமிழ்க் குரலேற்றப் பிரிவு ஒன்றை, சிங்களப் பிரிவுக்கு அன்று கொடுத்த அதே அந்தஸ்தோடு அமைக்க வேண்டும். அதன் குரல் தேர்வுகளைக் கொழும்பில் மட்டும் நடத்தக் கூடாது. கண்டி, ஹட்டன், யாழ்ப்பாணம், மட்டக்களப்பு ஆகிய ஊர்களிலும் நடத்த வேண்டும். முதல் ஆண்டில் அரைமணி நேரத் தொடர் ஒன்று வந்தாலே போதும். அதில் வரும் கரடி மட்டக்களப்புத் தமிழிலும், நரி அக்குறணைத் தமிழிலும், யானை தோட்டத்துத் தமிழிலும் பேசட்டும். அந்த அரைமணிக்கு முன்பும் பின்பும் டொமின் பழைய படம் ஒன்றையும், எந்த வசனமும் ஒட்டாமல், பிரட்லியின் இசையோடு அப்படியே ஒளிபரப்பலாம்.